மொலிப்டினப் புரொபசரின் நீலத் தண்ணீர்

வெள்ளவத்தையில் கடவுளுக்குப் பஞ்சமில்லை. காலி வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி எந்தப் பக்கம் தடுக்கி விழுந்தாலும் ஒரு கோபுரமோ சிலுவையோ பிறையோ கண்ணில் படும். அது போதாதென்று எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு முகம் இல்லை, வாகனம் இல்லை. நம்பர் மட்டும் உண்டு. நாற்பத்திரண்டு. பெயர் மொலிப்டினம்.

சிரிக்காதீர்கள். ஞாயிறு காலையில் வந்து பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது, மூச்சு முட்டியிருக்கும். கடற்கரைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து காலி வீதி வரைக்கும் வரிசை. பட்டுச் சேலைகள், தொப்பிகள், செபமாலைகள் எல்லாம் ஒரே வரிசையில். இந்த நாட்டில் எத்தனையோ பெரிய மனிதர்கள் முயன்றும் முடியாத சமய ஒற்றுமையை ஒரு உலோகம் சாதித்துவிட்டது. நான் குறுக்கால் நுழையப் பார்த்தேன். "நோனா, போலிம அத்தன" என்று மண்டபக் காவலாளி, வரிசை அங்கே என்று சிங்களத்தில் சொல்லி, அதன் வாலைக் காட்டினார். போய் வாலில் நின்றேன். பக்கத்தில் லொத்தர் சீட்டு விற்கிற பொடியன், எல்லோருக்கும் அவன் 'மல்லி', சிங்களத்தில் தம்பி, நாற்பத்திரண்டில் முடிகிற சீட்டுகளைத் தனியாகப் பிரித்துக் கூடின விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான்.

மேடையில் மணவறை போடுகிற இடத்தில் ஒரு பெரிய படம் தொங்கியது. பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இருக்குமே, மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணை, அதுதான். அதற்கு ரோஜா மாலை. நாற்பத்திரண்டாம் கட்டத்தில் சந்தனப் பொட்டு. கீழே குத்துவிளக்கு, மெழுகுதிரி, சாம்பிராணி. எந்தச் சமயத்தவரும் மனம் நொந்து திரும்பிப் போய்விடக்கூடாதே, வியாபாரம் என்னாவது!

அப்புறம் அவர் வந்தார். புரொபசர் சிறில். வெள்ளைக் கோட்டு. பேனா குத்துகிற பொக்கெற்றில் ஊதுபத்திப் பெட்டி. எந்தப் பல்கலைக்கழகத்தில் புரொபசர் என்று முதல் வாரம் யாரோ ஒரு வேலையில்லாதவர் கேட்டாராம். "இன்டர்நெஷனல்" என்று பதில் வந்ததாம். அதோடு வாய்கள் மூடிக்கொண்டன. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இன்டர்நெஷனலை எதிர்த்துக் கதைக்க யாருக்கு மனம் வரும்?

"ஜெர்மனியில ஆராய்ச்சி! ஜப்பானில ஆராய்ச்சி! மொலிப்டினத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரன் மலை மலையா ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் குவிச்சிருக்கிறான். ஏன் எழுதினவன்? வேலையில்லாமலோ?"

"இல்லை!" என்றது மண்டபம். அந்தக் கட்டுரைகளில் ஒரு வரி வாசித்த சீவன் அங்கே கிடையாது. அவரும் வாசித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"சூனியம் எண்டா என்ன? கெட்ட கதிர்! அது மனுசன்ர எந்த இடத்தில இறங்கும்? கையில! கையில இறங்கின கதிரைப் பிடிச்சுக் காட்டுறது எது?"

"மொலிப்டினம்!"

முறை இதுதான். வீட்டில் யாரோ சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகமா? வீட்டிலுள்ள அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஆளுக்கொரு கிளாஸ். அதில் "விண்ணீர்" என்று ஒரு தண்ணீர். ஒவ்வொருவரும் கையை முக்கி எடுக்கவேண்டும். பிறகு புரொபசர் இரண்டு சின்னப் போத்தல்களிலிருந்து ஒவ்வொரு கிளாசுக்கும் சில துளி விடுவார். கண்ணை மூடி மந்திரம் சொல்லுவார். என்ன மந்திரம் என்கிறீர்கள்? "ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம்..." என்று அட்டவணையை முதலிலிருந்து இழுத்து இழுத்துப் பாடுவார். மொலிப்டினம் வந்ததும் சபை எழுந்து கும்பிடும். கண்ணைத் திறந்தால் ஏதாவதொரு கிளாசில் தண்ணீர் நீலமாகியிருக்கும். நீலம் என்றால் சும்மா நீலமா, பள்ளிக்கூடத்து மை நீலம்! அந்தக் கைக்குச் சொந்தக்காரிதான் சூனியக்காரி.

சொந்தக்காரி என்று நான் எழுதியது பிழையில்லை. இரண்டு ஞாயிறு போய் இருந்து பார்த்தேன். நீலமானவர்கள் வேலைக்காரப் பெண்கள், மருமக்கள், யாரோ ஒருவருடைய வீட்டில் ஒண்டியிருந்த ஒரு விதவைச் சித்தி. ஒரு டொக்டர் மாட்டவில்லை. ஒரு முதலாளி மாட்டவில்லை. மாமியார்கள் எல்லாம் பளிச்சென்று தேறினார்கள். சூனியத்துக்கும் ஆள் பார்த்து ஒட்டத் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பரிகாரமும் உண்டு. மருமகள் என்றால் "மொலிப்டினக் காப்பு" ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு ஏழு நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்கவேண்டும். எட்டாம் நாள் கையை முக்கினால் தண்ணீர் தெளிவு! "பாத்தியளா!" என்று சபை கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வேலைக்காரி என்றால் காப்பு எதற்கு, சல்லிக்குப் பிடித்த கேடு. இரண்டாம் சோதனையிலும் நீலமென்றால் வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டியதுதான். காப்பை ஐயாவும் அம்மாவும் போட்டுக்கொள்ளலாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் எவ்லின். பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை, வாழ்க்கைப்பட்டு வந்தது வெள்ளவத்தை. கடலைப் பார்க்காத பக்கத்து பிளட்ஸில் நாலாம் மாடி. புரொபசர் மேடையேறிய அன்றே எனக்கு முகம் பிடிபட்டுவிட்டது. கொட்டாஞ்சேனையில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்த சிறில்! என் மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தங்கமீன் வாங்கினோம். மீன் மூன்று நாளில் செத்தது. புகார் சொல்லப் போனால், "தங்கச்சி, மீனில பிழையில்லை, உங்கட தண்ணியிலதான் பிழை" என்று இன்னொரு சோடி விற்றுவிட்டார். அந்த வாய்தான் இது. எங்கே எப்போது புரொபசரானார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் மூன்றாம் மாடி றஞ்சிதம் அக்காவிடம் சொன்னேன். கேட்டால்தானே!

றஞ்சிதம் அக்காவும் அவருடைய கணவர் தில்லையம்பலமும் நல்ல மனிதர்கள். அவர் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ரொறொன்ரோவில். அவனுக்குப் பேசிய கல்யாணம் மூன்று தரம் குழம்பிவிட்டது. காரணம் என்ன? அவனுடைய பேஸ்புக்கில் ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை அவன் தோளில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள், அதுதான் காரணம். பெண் வீட்டுக்காரர் மூன்று பேரும் பார்த்தார்கள். பிளட்ஸ் முழுக்கப் பார்த்தது. பெற்றவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் சூனியம் என்று முடிவு கட்டி, வீட்டு வேலை செய்யும் ஆறாயியையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள்.

ஐயாவின் கிளாஸ் தெளிவு. அம்மாவின் கிளாஸ் தெளிவு. ஆறாயியின் கிளாஸ் நீலம்.

"கண்டியளோ! பெடியன்ர கல்யாணத்தைக் கட்டிப் போட்டது இந்தக் கை!" என்றார் புரொபசர். சபை ஒரு அடி பின்னுக்குப் போனது. "வாற ஞாயிறு இரண்டாம் சோதனை. அதிலயும் நீலமெண்டா அண்டைக்கே அனுப்பிவிடுங்கோ. அதுவரைக்கும் அந்தக் கை அடுப்படியில படக்கூடாது."

ஆறாயி நோர்வுட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். நாற்பது வயதிருக்கும். பதினொரு வருடமாக அந்த வீட்டு அடுப்படிக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறைதான் அவளுக்கு வீடு. மலையில் அவளுடைய லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, மண்சரிவில் போய்விட்டது. புருசனும் இல்லை. இந்த வேலை போனால் படுக்க இடமில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றாலும் முடியாது. நீலமான கிளாசோடு அவளை நிற்கவைத்து யாரோ படம் பிடித்து வெள்ளவத்தை வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டுவிட்டார்கள். இனி எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

அன்று பின்னேரம் படிக்கட்டில் அவளைக் கண்டேன். இரண்டு கைக்கும் சொப்பிங் பேக் மாட்டி, மணிக்கட்டில் இறப்பர் வளையம் போட்டிருந்தாள்.

"என்ன ஆறாயி இது?"

"அம்மாதாங்க கட்டிவிட்டாங்க. எதையும் தொடக்கூடாதாம்." கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "பதினோரு வருசமா இந்தக் கையாலதாங்க ஆக்கிப் போட்டேன். இந்த வீட்டுத் தம்பிக்கு டெங்கு வந்தப்ப இந்தக் கையாலதான் கஞ்சி ஊட்டுனேன். அப்பல்லாம் ஒன்னும் ஆகலயேம்மா... ஒருவேள என் கையில நெசமாவே ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவளை அனுப்பப் போகிறார்களே என்பதைவிட, அவளே தன் கையைப் பயத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிறில் அண்ணே, செத்த தங்கமீனுக்கு நான் உங்களை மன்னித்தேன், இதற்கு மன்னிக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சொல்லி என்ன, என்ன செய்வதென்று தெரியவேண்டாமா? அடுத்த நாள் சஹ்லா வந்தாள். மாளிகாவத்தைப் பிள்ளை, 'இருக்கு' என்பது அவள் வாயில் 'ஈக்கி' என்றுதான் வரும். என் மகளுக்கு உயர்தர இரசாயனவியல் சொல்லிக் கொடுக்க வாரம் இரண்டு தரம் வருவாள். மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஏதோ ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டாலும் விளங்கப் போவதில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு மனம் தாங்காமல் நடந்ததைச் சொன்னேன். மொலிப்டினம் என்றதும் புரைக்கேறிவிட்டது அவளுக்கு.

"அன்ட்டி, அந்தத் தண்ணி எவ்வளவு நேரத்துல நீலமாகிற?"

"மந்திரம் சொல்லி முடிக்க. பத்து நிமிசம் இருக்கும்."

"ரெண்டு போத்தல்ல இருந்து துளி போடுறாரா?"

"ஓம்."

அவள் சிரித்த சிரிப்பில் என் மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அல்லாஹ்வே! அன்ட்டி, இது சூனியமில்ல. இது என்ட ஆராய்ச்சி! நாலு வருஷமா நான் மொலிப்டினத்தோடதான் குடித்தனம் நடத்துற."

பிறகு விளக்கினாள். மொலிப்டினம் ஒரு உலோகம். உருக்கோடு சேர்த்தால் உருக்கு இன்னும் உறுதியாகும். அதன் சேர்வைகளில் ஒன்றைத் தண்ணீரில் விட்டால், அந்தத் தண்ணீரில் பொஸ்பேற் இருக்கிறதா என்று காட்டிவிடும். இருந்தால் நீலம், இல்லாவிட்டால் தெளிவு. அந்த நீலம் எழும்பச் சில நிமிடம் எடுக்கும். ஏரித் தண்ணீரில் எவ்வளவு அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று அவள் அளப்பதே இதை வைத்துத்தான்.

"அந்த மந்திரம் நீளமா ஈக்கிறதுக்குக் காரணம் பக்தியில்ல அன்ட்டி. கெமிஸ்ட்ரிக்கு அவ்வளவு நேரம் வேணும்."

"அப்ப அந்த விண்ணீர்?"

"பொஸ்பேற் இல்லாத தண்ணி வேணும். கார் பற்றரிக்கு ஊத்துற தண்ணியா ஈக்கும்."

மண்டபத்துப் பின்வாசலில் பெற்றோல் நிலையத்துத் தண்ணீர்க் கலன்கள் அடுக்கியிருந்ததைக் கண்டேனே! அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தங்கமீன் செத்தபோது நான் கொண்டுபோன தண்ணீரில் சிறில் இரண்டு சின்னப் போத்தல்களிலிருந்து துளி விட்டார். அதுவும் நீலமானது. மீன் தொட்டிக் கடைகளில் தண்ணீர் பார்ப்பதற்கு விற்கிற சாமான்! கடையை மூடும்போது மிஞ்சியதை மனிதர் வீணாக்கவில்லை.

"சரி பிள்ளை, ஆறாயிட கையில எங்க இருந்து வந்தது இந்த பொஸ்பேற்?"

சஹ்லாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "மீன் கழுவுற யாரு? உடுப்புத் தூள்ல கையை ஊறவைக்கிற யாரு? எச்சில் பீங்கான் தேய்க்கிற யாரு? எல்லாத்துலயும் பொஸ்பேற் ஈக்கி. வேலை செய்ற கையில தோல் வெடிச்சிருக்கும் அன்ட்டி. வெடிப்புக்குள்ள, நகத்துக்குள்ள போய் நிக்கும். லேசாக் கழுவினா போகாது. ஐயாமார்ட கையில அது எப்படி வரும்? அவங்க ஒரு கரண்டியாச்சும் கழுவியிருந்தாத்தானே!"

எனக்கு இப்போதுதான் விளங்கியது, ஏன் மாமியார்கள் தேறினார்கள் என்று. ஏழு நாள் அடுப்படிக்குப் போகாத மருமகள் ஏன் தெளிந்தாள் என்று. அந்த ஆள் வெள்ளவத்தை வீடுகளையெல்லாம் மண்டபத்துக்கு வரவழைத்துப் பாத்திரம் கழுவுகிற கையைக் கண்டுபிடித்து அதற்குச் சூனியக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்!

இரண்டு பேருமாக மூன்றாம் மாடிக்கு இறங்கினோம். கதவைத் திறந்த றஞ்சிதம் அக்காவின் கையில் மீன் செதில். ஆறாயி அடுப்படியில் படக்கூடாது என்பதால் அக்காவே மீன் வெட்டுகிறார். சஹ்லா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தில்லையம்பலம் மாமா காப்பும் கையுமாகக் கதிரையில் இருந்தார். சஹ்லா எல்லாம் சொன்னாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"பிள்ளை, நீர் படிச்சது புத்தகம். இது சக்தி. நேற்று இந்தக் காப்பைப் போட்டதில இருந்து எனக்கு முழங்கால் வலி குறைவு."

"அங்கிள், ஒங்கட உடம்புக்கு மொலிப்டினம் கொஞ்சூண்டுதான் வேணும். அது பருப்புக் கறியிலயே ஈக்கி." அவள் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ரொறொன்ரோக் கோபுரத்தைக் கழற்றி வந்தாள். மகன் அனுப்பிய காந்தப் பொம்மை. காப்புக்குக் கிட்டே கொண்டுபோனாள். டப்பென்று ஒட்டிக்கொண்டது. "மொலிப்டினம் இப்படிக் காந்தத்துல ஒட்டாது. இது வெறும் இரும்பு, மேல பூச்சு."

மாமா கையை உதறிப் பார்த்தார். கோபுரம் விழவில்லை. "காந்தத்தையே இழுக்குதெண்டா எவ்வளவு சக்தியெண்டு பாரும்!" என்றார்.

என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று எனக்கு வந்தது. சஹ்லா சளைக்கவில்லை.

"அங்கிள் வங்கியில ஈந்த ஆள். ஒரு கையெழுத்து நல்லதா கள்ளமா எண்டு எப்படிப் பார்ப்பீங்க?"

"பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில வச்சு ஒப்பிட்டுப் பார்ப்பன்."

"அதத்தான் நானும் கேக்கிற. கைக்குப் பக்கத்துல கையை வச்சுப் பார்ப்போம். ஞாயித்துக்கிழம காலையில நீங்க வலது கையால மீன் கழுவுங்க. இடது கைக்கு இறப்பர் கையுறை. மண்டபத்துல ரெண்டு கையையும் வெவ்வேற கிளாசுல முக்குங்க. சூனியமெண்டா ரெண்டு கையும் ஒண்டுபோல காட்டும்."

"மீனா? நானா?"

"பயமா அங்கிள்?"

"எனக்கென்ன பயம்!" என்று மாமா நிமிர்ந்தார். ஓய்வு பெற்ற முகாமையாளர்களை வேறு எப்படியும் அசைக்க முடியாது.

ஞாயிறு காலை மூன்றாம் மாடியில் ஒரு அற்புதம் நடந்தது. ஒரு ஆண்மகன் மீன் கழுவினார்! கீரிமீன் வழுக்கி வழுக்கித் தொட்டிக்குள் விழ, ஒற்றைக் கையால் பிடித்துப் பிடித்துக் கழுவினார். றஞ்சிதம் அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆறாயி சொப்பிங் பேக் கைகளோடு தன் அறை வாசலில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. உடுப்பு மூட்டையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் சோதனை என்றால் யாரோ ஒருத்தி அழுதுகொண்டு போவதைப் பார்க்கலாமே, யார் விடுவார்கள்?

முதலில் ஆறாயி. பேக்குகளைக் கழற்றி விரல்களை முக்கினாள். பிறகு றஞ்சிதம் அக்கா. துளிகள் விழுந்தன. ஐதரசன், ஈலியம், இலிதியம்... மொலிப்டினத்தில் எல்லோரும் எழுந்து கும்பிட்டோம். அன்று நானும்தான் கும்பிட்டேன், கெமிஸ்ட்ரியை.

புரொபசர் கண்ணைத் திறந்தார். ஆறாயியின் கிளாஸ் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. றஞ்சிதம் அக்காவின் கிளாஸ் நீலம்!

றஞ்சிதம் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானா? என்ர பிள்ளைக்கு நானே சூனியம் வைப்பனா?" பக்கத்தில் இருந்தவர்கள் கதிரையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். போன வாரம் ஆறாயியை விட்டு நகர்ந்த அதே ஆட்கள். நகர்வதில் நல்ல பழக்கம்.

புரொபசர் பொட்டு வைத்த கட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "சூனியம் கை மாறிட்டுது! வேலைக்காரியை விட்டு எசமாட்டியில தொத்திட்டுது! அம்மாவும் ஒரு காப்பு—"

"அவ போட்டிருக்கிறா!" என்று நான் கத்தினேன். "போன கிழமை நீங்கள்தானே வித்தனீங்கள்!"

"புரொபசர் சேர்," என்று சஹ்லா மெல்ல மேடையேறினாள். "கோவிக்க வேணாம். இந்த அங்கிளையும் பார்த்துடுவோமே."

தில்லையம்பலம் மாமா வலது கையை ஒரு கிளாசிலும், கையுறையைக் கழற்றிவிட்டு இடது கையை இன்னொரு கிளாசிலும் முக்கினார். புரொபசருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் சபை பார்த்துக்கொண்டிருக்கிறதே. துளி விட்டார். மந்திரத்தைச் சுருக்கி முடிக்கப் பார்த்தார். "முழுசாச் சொல்லுங்கோ சாமி!" என்று பின்னாலிருந்து ஒரு பாட்டா அதட்டினார். பக்தன் விடுவானா?

வலது கை நீலம். இடது கை தெளிவு.

தில்லையம்பலம் மாமா இரண்டு கிளாசையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கள்ளக் கையெழுத்தைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார். பிறகு புரொபசரைப் பார்த்தார்.

"வலது கையால சூனியம் வச்சு இடது கையால புண்ணியம் செய்தனானோ ஐயா?"

"வலப்பக்கம்... வலப்பக்கம் சூரிய நாடி..."

"நாடியில்ல, கீரிமீன்!" என்றார் மாமா. "காலமை இந்தக் கையாலதான் கழுவினனான்!"

சஹ்லா தன் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். மீன் கழுவிய தண்ணீர். யாருமே கை வைக்காத புதுக் கிளாசில் விண்ணீரை ஊற்றி, அதில் ஒரு சொட்டு விட்டாள். புரொபசரின் இரண்டு போத்தல்களையும் அவர் தடுப்பதற்குள் எடுத்துத் துளி விட்டாள். "மந்திரம் இல்லாமப் பார்ப்போம். எல்லாரும் சும்மா ஈங்க." சபை சும்மா இருந்தது. அந்த மண்டபத்தில் அதுதான் முதல் தரம். சும்மா இருக்க இருக்க, தண்ணீர் தானாகவே வெளிர் நீலமாகி, பிறகு கடும் நீலமானது.

"இந்தக் கிளாசுக்கு யாரு சூனியம் வச்ச? கீரிமீனா?"

முன்வரிசையில் ஒரு மருமகள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அது தொற்றிக்கொண்டது. சஹ்லா மீனையும் உடுப்புத் தூளையும் எச்சில் பீங்கானையும் சொன்னாள். இந்த ஒரு கிழமையும் அவற்றில் கை வைத்தது ஆறாயியல்ல, றஞ்சிதம் அக்கா என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பெண்கள் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு தங்கள் வீட்டு ஆண்களின் கைகளைப் பார்த்தார்கள். ஆண்கள் கையைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டார்கள்.

"சிறில் அண்ணே!" என்றேன் நான். "என்னைத் தெரியுதா? கொட்டாஞ்சேனை எவ்லின். தங்கமீன் செத்ததுக்கு என்ர தண்ணியில பிழை சொன்னீங்கள். இஞ்சயும் தண்ணிதானோ பிழை?"

அவர் மேடைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். பின்கதவில் காவலாளி நின்றார். "மாத்தயா, போலிம அத்தன" என்று சாவகாசமாக முன்வாசலைக் காட்டினார். முன்வாசல் வழியெல்லாம் பெண்கள்.

"அவற்ற கையையும் முக்குங்கோ!" என்று ஒரு குரல். யாருடையது என்று பார்த்தால், போன மாதம் சூனியக்காரியாகி ஏழு நாள் ஒதுக்கி வைக்கப்பட்ட மருமகள். நாலைந்து பேர் சேர்ந்து புரொபசரின் கையைப் பிடித்துக் கிளாசில் முக்கினார்கள். துளி விழுந்தது. பத்து நிமிடம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலம் வரவில்லை. சொட்டு நீலம் வரவில்லை. பளிங்குத் தெளிவு.

"பார்த்தீங்களா, நான் சுத்தம்!" என்றார் அவர், பழக்க தோசத்தில்.

"ஓம், சுத்தந்தான்" என்றார் றஞ்சிதம் அக்கா. "ஒரு பீங்கான் கழுவாத கை!"

அதற்கு மேல் அங்கே நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. காப்புகள் மழை மாதிரி மேடையில் விழுந்தன. வெள்ளைக் கோட்டு ஒரு கை இல்லாமல் காலி வீதியில் ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. லொத்தர் மல்லி மிஞ்சிய நாற்பத்திரண்டுகளைப் பாதி விலைக்குக் கொடுத்தான்.

ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி நீங்கள் நல்லதாக நினைத்துவிடக்கூடாது. மண்டபத்துப் படியில் வைத்தே ஒரு அம்மா சஹ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, அவனைவிட உங்களுக்குத்தான் சக்தி கூட. எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வந்து பாருங்கோவன். காப்பு என்ன விலை?"

"பருப்பு சாப்பிடுங்க அன்ட்டி" என்றாள் சஹ்லா. அந்த அம்மா, எந்தக் கிழமையில் சாப்பிடவேண்டும் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் றஞ்சிதம் அக்கா நேரே ஆறாயியின் அறைக்குப் போனார். மூட்டை கட்டியபடி கிடந்தது. பிறகு உள்ளே போய் ஆறாயியின் கையைப் பிடித்தார். வெடித்த கை, நகம் தேய்ந்த கை.

"என்னை மன்னிச்சிடு ஆறாயி. எவனோ ஒருத்தன் சொன்னானெண்டு, எங்களுக்கு இவ்வளவு காலமும் சோறு போட்ட கையை நான் சொப்பிங் பேக்கில கட்டினன்." சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாயி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உடனே மூட்டையை அவிழ்க்கவும் இல்லை.

"எனக்குப் போக எடமில்லங்கம்மா, அதனால இருக்கேன். ஆனா ஒன்னு. இனிமே ஞாயித்துக்கெழம மீன் ஐயாதான் கழுவணும்."

தில்லையம்பலம் மாமா கூடத்தில் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "ஏன், ஐயாட கையில என்ன விசேஷம்?" என்று அக்கா கேட்டார்.

"விசேஷமில்லங்க. நாளைக்கு இன்னொரு சாமி வருவாரு. அப்ப எல்லாருடைய தண்ணியும் ஒரே மாதிரி நீலமா இருந்தா, யாரை வெளிய அனுப்புவாங்கன்னு பார்ப்போம்."

இவ்வளவு பெரிய மண்டபத்தில், இவ்வளவு படித்தவர்கள் நடுவில், இதை யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் மாடியில் மாமா மீன் கழுவுகிறார். கீரிமீன் இன்னும் வழுக்குகிறது. மகனுடைய கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது, அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளையோடுதான்.

சிறிலின் துளிகள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவேண்டும். இந்த வீட்டில் வேலை செய்கிற கை எது என்று அவை உள்ளபடி காட்டின. அந்தக் கையைக் கும்பிட வேண்டிய நாங்கள்தான், அதைக் கட்டி வெளியே அனுப்பச் சொன்னவனைக் கும்பிட்டோம். உங்கள் வீட்டிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள். யாருடைய கை நீலமாகும், யாருடையது தெளியும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மொலிப்டினம் தேவையில்லை, தலை ஒன்று இருந்தால் போதும்.